சாட்ஸ்வொர்த்துக்கு அவர்கள் தாமாகப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். காவடிப் படம் அருமை. கட்டுரையைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. டர்பனுக்குத் தென்மேற்கே இருக்கிற சாட்ஸ்வொர்த்தை 'ஆப்பிரிக்காவில் ஒரு குட்டித் தமிழ்நாடு' என்று போட்டிருக்கிறீர்கள், தலைப்புக்கு அப்படி ஏதாவது வேண்டும், போகட்டும். ஆனால் நம்மவர்கள் தங்கள் பண்பாட்டைக் காப்பாற்றிக்கொள்ள அங்கே ஒன்றாகக் கூடிக் குடியேறினார்கள் என்று எழுதியிருப்பதை அப்படியே விட முடியவில்லை. ஒருவரும் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. அரசாங்கம் சட்டம் போட்டு, இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி, கொண்டுபோய் இறக்கிவிட்ட இடம் அது. துறைமுக வேலைக்காக டர்பன் போய், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர்கள் சார்பில் யாராவது சொல்ல வேண்டுமில்லையா.

1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு போய் டர்பனில் இறக்கியது, 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், அதில் பெரும்பங்கு சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும் என்பதையெல்லாம் உங்கள் கட்டுரையாளர் சரியாகவே சொல்கிறார். காந்தி வருகிறார், தில்லையாடி வள்ளியம்மை வருகிறார், 1914இல் அந்தப் பெண் இறந்துபோகிறார். அதற்கடுத்த பத்தியே 'இன்று' என்று ஆரம்பிக்கிறது! நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் காணோம். சாட்ஸ்வொர்த் பிறந்ததே அந்தக் காணாமல்போன நூறு வருஷத்தில்தான்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் டர்பனைச் சுற்றி நிலத்தை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் காய்கறியும் வாழையும் போட்டார்கள். கேட்டோ மேனர், கிளேர்வுட், ஸ்பிரிங்ஃபீல்டு, ரிவர்சைடு என்று தகரக் கூரையும் மரப்பலகையுமாக வீடுகள் எழும்பின, கோயில்கள் எழும்பின, அரசாங்கம் பாதி கொடுத்தால் மீதியைத் தாங்களே வசூல் செய்து பள்ளிக்கூடங்களைக் கட்டினார்கள். நகரசபையில் தெருக்கூட்டுகிற வேலையும் குப்பை அள்ளுகிற வேலையும் பார்த்தவர்களுக்கு மேகசின் பேரக்ஸ் என்ற வரிசை வீடுகள் இருந்தன. நெரிசலான இடம்தான், வசதி என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஆனாலும் கடலும் சந்தையும் நடந்துபோகிற தூரம், பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசுகிற ஜனம், தெருக்கூத்து நடக்கும், கால்பந்து நடக்கும், நாடகம் நடக்கும்.

இந்தியர்கள் இப்படி நிலம் வாங்குவதும் வீடு வாங்குவதும் டர்பன் வெள்ளையர்களுக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல். 1943இல் ஒரு தடைச் சட்டம் வந்தது, 1946இல் இன்னும் கடுமையாக ஒன்று, அதற்குப் பெயரே 'கெட்டோ சட்டம்', அதாவது ஒதுக்குச்சேரிச் சட்டம் என்று ஆகிவிட்டது. அதை எதிர்த்து அங்குள்ள இந்தியர்களின் தலைவர்களான டாக்டர் மான்டி நாயக்கர், டாக்டர் யூசுஃப் தாது தலைமையில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கிற முனையில், இந்தியர் இருக்கக் கூடாது என்ற நிலத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். சுமார் 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். வள்ளியம்மையைத் தெரிந்த அளவுக்கு நம்மில் எத்தனை பேருக்கு மான்டி நாயக்கரைத் தெரியும்? 1947இல் அவரும் தாதுவும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் டாக்டர் சூமாவும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே போராட்டமாக நிற்க வழி செய்தது. ஒரு நாயக்கர் வீட்டுப் பிள்ளை செய்த காரியம், நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

1948இல் நிறவெறியையே கொள்கையாகக் கொண்ட வெள்ளையரின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950இல் குழுப்பகுதிகள் சட்டம். இந்தத் தெருவில் இந்த இனம்தான் இருக்கலாம், அந்த மேட்டில் அந்த இனம்தான் இருக்கலாம் என்று நகரத்தையே கோடு போட்டுப் பிரிப்பது. டர்பனில் நல்ல இடம், கடலைப் பார்த்த மேடு, நகரத்துக்குப் பக்கம் என்றால் வெள்ளையருக்கு. 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்திருந்தார்கள், அதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டார்கள்: பிரித்து வைத்தால்தான் நிம்மதியாம்.

அப்படித்தான் சாட்ஸ்வொர்த் வந்தது. நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வடக்கே உம்லாதுசானா ஆறு, தெற்கே உம்லாசி ஆறு, நடுவில் மேடும் பள்ளமுமான நிலம். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த நிலமும் காலியாக இருந்ததில்லை. வாழையும் பழமரங்களும் வைத்திருந்த இந்தியச் சிறு விவசாயிகளிடமிருந்து பிடுங்கித்தான் மற்ற இந்தியர்களுக்கு வீடு கட்டினார்கள். ஊரின் இருப்பிடத்தை வரைபடத்தில் பார்த்தாலே போட்டவர்களின் கணக்கு புரியும். ஒரு பக்கம் வெள்ளையர் குடியிருப்புகள், மறு பக்கம் உம்லாசி என்ற டவுன்ஷிப், அதாவது ஆப்பிரிக்கருக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு, இரண்டும் நேரடியாக உரசாமல் இருக்க நடுவில் இந்தியர்களை வைத்தார்கள்.

1964இல் முறைப்படி திறந்தார்கள். மொத்தம் 11 யூனிட்டுகள். ஹேவன்சைடு, பேவியூ, வெஸ்ட்கிளிஃப், க்ராஃப்ட்டீன், அரீனா பார்க், மாண்ட்ஃபோர்டு என்றெல்லாம் பெயர் இருந்தாலும் பெரியவர்கள் இன்னமும் யூனிட் 2, யூனிட் 3 என்றுதான் சொல்கிறார்கள். தெருவுக்குப் பெயர் வைக்கவும் யாரும் மெனக்கெடவில்லை, எண் மட்டும்தான். சரிவை வெட்டி வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த இரட்டை வீடுகள், அப்புறம் மாடிக் குடியிருப்புகள்.

நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் தாயார் மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசுகிற தமிழில் பாதிக்கு மேல் ஆங்கிலம், இடையிடையே அந்தப் பக்கத்து ஆப்பிரிக்கர் மொழியான ஜூலு. கேட்டால் போதும், பேரக்ஸ் வரிசையில் முதல் கதவிலிருந்து யார் யார் குடியிருந்தார்கள் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போவார், இந்த வீட்டில் மேளக்காரர், அந்த வீட்டில் மருத்துவச்சி, அடுத்த வீட்டில் ஆடு வைத்திருந்த கிழவி என்று. சாட்ஸ்வொர்த்தில் ஐம்பது வருஷம் இருந்தும் பின்தெரு ஆட்கள் பெயர் தனக்குத் தெரியாது என்பார். காரணம் எளிது. வீடு ஒதுக்கிய அதிகாரிக்குக் குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், அவ்வளவுதான். பெரியப்பா வீடு ஒரு யூனிட்டில், அத்தை வீடு இன்னொரு யூனிட்டில், பாட்டி யாரோடு இருப்பது என்பதே ஒரு வழக்கு. ஒரே முற்றத்தில் மூன்று தலைமுறை இருந்தவர்களைச் சீட்டுக் கலைப்பது போலக் கலைத்துப் போட்டுவிட்டார்கள். அவருடைய அப்பா நகரசபைத் தொழிலாளி. பேரக்ஸில் இருந்தபோது நடந்து வேலைக்குப் போனவர், இங்கே வந்த பிறகு விடியற்காலை நாலு மணிக்கே பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதாயிற்று. சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போயிற்று.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், கேட்டோ மேனரில் காலி செய்த நிலத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் சும்மா கிடந்ததுதான். வீட்டை இடித்தார்கள், மாமரங்கள் நின்றன, கோயில்கள் நின்றன. அங்கே அம்பலவாணர் ஆலயம் என்று ஒன்று இருக்கிறது. 1905 வெள்ளத்தில் பழைய கோயில் போய், 1947இல் இப்போதுள்ளதைக் கட்டினார்கள். கட்டிப் பதினைந்து இருபது வருஷத்தில் சுற்றியிருந்த ஜனத்தையே கிளப்பிவிட்டது அரசாங்கம். ஆனாலும் தீமிதி என்றால் சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் பிடித்துப் போவார்கள், இன்றைக்கும் போகிறார்கள். சாமியைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் வியந்து எழுதியிருக்கிற கோயில்களுக்கு வருகிறேன். அவர் பார்த்ததெல்லாம் நிஜம்தான். தைப்பூசத்துக்கு ஒரு காவடி, சித்திரையில் இன்னொரு காவடி. ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், இங்கிலீஷில் அதை 'பாரிட்ஜ் பிரேயர்' என்று சொல்வதைக் கேட்க முதலில் சிரிப்பாக இருக்கும். புரட்டாசி வந்தால் கறிக்கடைக்காரர்களுக்கு மாதம் முழுக்க மந்தம், நம்மூரில்கூட அவ்வளவு கறாராக இருக்கிறோமா என்று சந்தேகம்தான். ஆனால் பக்கத்திலே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா ஏன் புனித வெள்ளியும் ஈஸ்டருமாக நடக்கிறது என்று அவர் யாரையாவது கேட்டிருக்கலாம். கரும்புத் தோட்டக் கூலிக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். முதலாளியின் காலண்டரில் இடம் பார்த்து ஆத்தாளுக்குத் திருவிழா வைத்தார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. அங்கேயுள்ள ஒவ்வொரு சடங்குக்குள்ளும் இந்த மாதிரி ஒரு கூலிக்காரனின் கணக்கு இருக்கிறது. பழைய மரபை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று எழுதும்போது அந்தக் கணக்கெல்லாம் அழிந்துபோகிறது. இன்னொன்று, ஊரில் எல்லோரும் விபூதி பூசுகிறவர்களும் இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் ஞாயிற்றுக்கிழமை கோவிந்தர், நாயுடு, பிள்ளை என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் நிரம்பி வழிவார்கள். இடம்பெயர்ந்து, சொந்தபந்தம் சிதறி, நோய்க்கும் குடிக்கும் கைகொடுக்க ஆளில்லாமல் நின்ற வீடுகளுக்கு அந்தச் சபைகள்தான் கதவைத் தட்டி வந்தன. இதையும் எழுதினால்தான் ஊர் முழுசாகத் தெரியும்.

ஊர் என்று ஒன்று அங்கே உருவானது ஜனங்களால்தான். அரசாங்கம் வீட்டை மட்டும் கட்டிவிட்டுப் போய்விட்டது. கடை கிடையாது, கூடம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. ஆர்.கே. கான் என்ற வழக்கறிஞர் எழுதிவைத்துவிட்டுப் போன அறக்கட்டளைச் சொத்துதான் 1969இல் திறந்த ஆர்.கே. கான் மருத்துவமனைக்கு விதை. 1921இல் கேட்டோ மேனர் பக்கம் அநாதைகளுக்கும் முதியவர்களுக்கும் என்று ஆரம்பித்த ஆரியன் பெனவலன்ட் ஹோம் ஊரோடு சேர்ந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது. பஸ்களும் இந்தியர்கள் நடத்தியவைதான். வண்ண வண்ணமாகப் பெயின்ட் அடித்து, உள்ளே பாட்டை அலறவிட்டு ஓடும், இப்போது அந்த வேலையை மினி பஸ் டாக்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன, அலறல் மட்டும் குறையவில்லை.

வெள்ளி, சனியில் வெஸ்ட்கிளிஃப் பக்கம் பங்களாதேஷ் மார்க்கெட் கூடும். அந்த நாடு பிறந்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். உயிர்க்கோழி, கீரைக்கட்டு, கறிவேப்பிலை, அமடும்பி என்ற ஒரு கிழங்கு, அளந்து கலந்து கொடுக்கிற மசாலா, அவரையிலும் பீன்ஸிலும் நாம் பார்க்காத தினுசுகள். கடை போட்டிருக்கிறவர்களில் ஜூலுப் பெண்களும் நிறைய, "ஆன்ட்டி, தனியா? மிளகாய்?" என்று அவர்கள் கூப்பிட, இந்திய ஆயாக்கள் ஜூலுவில் பேரம் பேசுவார்கள். பசித்தால் பன்னி சௌ. அரை ரொட்டியின் நடுவைத் தோண்டிவிட்டு மட்டன் குழம்பை ஊற்றி, தோண்டியெடுத்ததை மேலே மூடிக் கொடுப்பார்கள், கரண்டி கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

கல்யாணமென்றால் முந்தின ராத்திரி காய் நறுக்குவதற்கென்றே தெரு கூடும். வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, பெஞ்சு போட்டு, உருளைக்கிழங்கு தொட்டியைச் சுற்றிப் பெண்கள், விறகடுப்பில் பிரியாணிக்கும் பருப்புக்கும் அண்டா ஏற்றிவிட்டு ஆண்கள். சாவு வீட்டிலும் அதே அண்டா, அதே பெஞ்சு. அண்டாவும் நாற்காலியும் யாரிடம் இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்களைக் கலைத்துப்போட்ட இடத்தில் இந்த ஏற்பாடெல்லாம் தானாக முளைக்கவில்லை, இரண்டு தலைமுறைப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பழகி உண்டாக்கியது. கால்பந்தையும் சொல்லிவிடுகிறேன்: நிறவெறி முடிந்த பிறகு புதிதாக ஆரம்பித்த பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சீசனில், 1996-97இல், கெய்சர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ் போன்ற ஜோகன்னஸ்பர்க் சொவேட்டோ ஜாம்பவான்களைப் பின்தள்ளிக் கோப்பையை வாங்கியது சாட்ஸ்வொர்த் மைதானத்தில் ஆடிய மேனிங் ரேஞ்சர்ஸ். அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் எந்தக் கிழவரும் இளைஞராகிவிடுவார். காவடிக்கு ஒரு முழுப்படம் போட்ட நீங்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அரசியலில் அடங்கிப் போனவர்கள் என்ற தொனி கட்டுரையில் இருக்கிறது, அதுவும் சரியில்லை. 1980இல் நகரசபை வாடகையை ஏற்றியபோது சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், நியூலேண்ட்ஸ் ஈஸ்ட் மக்கள் சேர்ந்து டர்பன் வீட்டுவசதிப் போராட்டக் குழுவை அமைத்தார்கள். பின்னாளில் நிதியமைச்சரான பிரவீன் கோர்தன் அதில் வேலை செய்தவர்களில் ஒருவர். 1981இல் இந்தியர்களுக்கென்று அரசு நடத்திய கவுன்சில் தேர்தலில் பத்துப் பேரில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். 1984இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் மூவருக்கும் தனித்தனிச் சபை வைத்து முச்சபை நாடாளுமன்றம் என்று ஒரு பொம்மையைக் கொண்டுவந்தபோதும் பதிவு செய்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் போனார். ஆனால் அந்தச் சபைக்குப் போய்த் தலைவரான அமிசந்த் ராஜ்பன்சியும் சாட்ஸ்வொர்த்து ஆள்தான், அரீனா பார்க் தொகுதி. 2011இல் இறக்கும்வரை அந்த ஊரில் அவருக்கு ஓட்டு இருந்தது. திட்டிக்கொண்டே போடுவார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் அவருக்குத்தான் போன் போடுவார்கள்.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு நடந்ததுதான் உங்கள் கட்டுரையில் அறவே இல்லாதது. எல்லோரும் டாக்டர், வக்கீல், தொழிலதிபர் என்று முடித்திருக்கிறீர்கள். சாட்ஸ்வொர்த்துப் பெண்களில் எத்தனையோ பேர் துணித் தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள். 90களில் இறக்குமதி வரியைக் குறைத்ததும் மலிவுத் துணி வந்து குவிந்து, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. வேலை போனது, பேவியூவிலும் வெஸ்ட்கிளிஃபிலும் மாடிக் குடியிருப்புகளில் வாடகை பாக்கி ஏறியது. 1999 தேர்தல் சமயத்தில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஃபாத்திமா மீர் தன் ஆட்களோடு ஓட்டுக் கேட்க அங்கே போனவர், வீடுகளுக்குள் இருந்த வறுமையைப் பார்த்துவிட்டு அந்த மக்களுக்காக நிற்க ஆரம்பித்தார். அவர்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த நகரசபை தண்ணீரை வெட்டியது, மின்சாரத்தை வெட்டியது, காலி செய்ய ஆயுதம் தாங்கிய காவலர்களை அனுப்பியது. கண்ணீர்ப்புகைக்கு நடுவே படிக்கட்டில் கையைக் கோத்துக்கொண்டு வழிமறித்த பெண்களில் இந்தியரும் இருந்தார்கள், ஆப்பிரிக்கரும் இருந்தார்கள். வெட்டிய இணைப்பை ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி கொடுக்கத் தெரிந்த பையன்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் புதிய அரசாங்கத்துக்கு எதிராக ஏழைகள் கிளம்பிய முதல் போராட்டங்களில் ஒன்று இது. நம் பத்திரிகைகளில் அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை, ஏனென்றால் வெளிநாட்டுத் தமிழன் என்றால் நமக்குப் பணக்காரனாகவோ பக்திமானாகவோ இருக்க வேண்டும்.

2000 மார்ச் 24இல் த்ராப் என்ற நடன அரங்கில் பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்தபோது யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டை வீச, நெரிசலில் 13 பிள்ளைகள் செத்துப்போனார்கள். பிள்ளைகளுக்குப் போக ஒரு நல்ல இடம் இல்லாததால்தானே இப்படி ஆயிற்று என்று ஊரே கேட்டது, மண்டேலா அங்கே வந்தார், அவர் முயற்சியில் இளைஞர் மையம் ஒன்று எழுந்தது. அதற்கப்புறம் சில வருஷத்தில் 'சுகர்ஸ்' வந்தது, ஹெராயினில் கண்டதையும் கலந்து மலிவாக விற்கிற பொடி. எந்தத் தெருவிலும் அதற்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இருக்கும், வாசலில் இரும்புக் கதவு போட்டு உள்ளே இருக்கிற டி.வி.யைச் சொந்த மகனிடமிருந்து காப்பாற்றுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள்.

போகிறபோக்கில் ஒரு திருத்தம். காந்தி 1904இல் அமைத்த ஃபீனிக்ஸ் ஆசிரமத்தையும் டர்பனுக்கு வடக்கே 1976இல் வந்த ஃபீனிக்ஸ் டவுன்ஷிப்பையும் கட்டுரையாளர் ஒன்றாக்கிவிட்டார். அந்த டவுன்ஷிப்பும் இதே சட்டத்தின் பிள்ளைதான். 2021 ஜூலைக் கலவரத்தில் அங்கே 30க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், அநேகமாக எல்லோரும் கறுப்பின மக்கள். வழிமறிப்புப் போட்டு நின்றவர்களில் இந்தியர்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில் நம் ஊரில் பகிரப்பட்ட வாட்ஸப் செய்திகளெல்லாம் 'தமிழர்கள் தாக்கப்படுகிறார்கள்' என்பதோடு நின்றுவிட்டன. கோடு போட்டுப் பிரித்தவன் போய்விட்டான், கோடு அழியவில்லை. சாட்ஸ்வொர்த்து, ஃபீனிக்ஸ் பெருமையை எழுதுகிறவர் இதை எழுதாமல் தாண்டக் கூடாது என்பது என் கருத்து, கோபப்படுகிறவர்கள் படட்டும்.

தமிழை மறந்துவிட்டார்கள் என்று கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டிருக்கிறீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. மறப்பதற்கு அவர்களுக்கு எத்தனை உதவிகள் இருந்தன தெரியுமா? பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கட்டாயமாக ஆஃப்ரிகான்ஸ், தமிழ் என்றால் சாயங்காலம் கோயில் கூடத்தில் சம்பளமில்லாத வாத்தியார். அருகருகே தமிழ் பேசிய தெருக்களைக் கலைத்து எல்லா மொழிக்காரர்களையும் ஒரே வரிசையில் வைத்த பிறகு குழந்தைகள் தங்களுக்குள் எதில் பேசும்? வெஸ்ட்வில் மேட்டில் இந்தியர்களுக்கென்று கட்டிய பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. இத்தனைக்கும் 1996 அரசியலமைப்பில், மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகள் பட்டியலில் தமிழின் பெயர் இருக்கிறது. எழுத்துத் தெரியாதவர்கள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். 1937இல் குரு சுப்பிரமணிய சுவாமிகள் ஆரம்பித்த சைவ சித்தாந்த சங்கத்தின் வழியில் வந்த வழிபாட்டுக் கூட்டங்களில் போய் உட்கார்ந்தால், 'மாசில் வீணையும்' முழுக்க மனப்பாடமாகப் பாடுகிற பதினான்கு வயதுப் பையனுக்கு 'தண்ணீர் கொடு' என்று சொல்ல வராது. இங்கே சென்னையில் என் தங்கை பிள்ளைகளுக்குத் தண்ணீர் கேட்க வரும், தேவாரம் ஒரு வரி வராது. யார் எதை மறந்தார்கள் என்று நாம் நீதிபதியாக உட்கார வேண்டாமே.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக எழுதவில்லை, ஒரு கோரிக்கையும் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு எண் உண்டு. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறது. டர்பன் டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் என்று ஒன்று இருக்கிறது, கொள்ளுத்தாத்தா எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் சாட்ஸ்வொர்த்தில் ஏராளம். ஊர்ப்பெயரை எழுதியது காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் கிறுக்கிய குமாஸ்தா. ஜில்லா 'நார்த் ஆர்க்காட்' என்றிருந்தால் அது இன்றைக்கு வேலூரா, திருவண்ணாமலையா, ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா, இல்லை ஆந்திராவுக்குப் போன சித்தூரா? ஆத்தூர் என்றிருந்தால் எந்த ஆத்தூர்? இங்கே வந்து கார் எடுத்து அலைந்துவிட்டு, ஒரு அலுவலகத்திலும் பதில் கிடைக்காமல், ஏதோ ஒரு மாரியம்மன் கோயிலில் இது நம்ம ஊராகத்தான் இருக்கும் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு மாவட்டம்தோறும் பதிப்பு இருக்கிறது, ஊர்தோறும் நிருபர் இருக்கிறார். வாரம் ஒரு நாள் அந்தந்த மாவட்டப் பதிப்பில் கால் பத்தி ஒதுக்கி, பட்டியலில் உள்ள பெயரையும் ஊரையும் தாலுகாவையும் அப்படியே போட்டு, 'தெரிந்தவர்கள் எழுதவும்' என்று கேட்டால், உள்ளூரில் ஒரு ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையோ கோயில் பூசாரியோ இது இன்ன ஊர் என்று அடித்துச் சொல்லிவிடுவார். இலவசமாகப் போடச் சொல்லவில்லை, வரி விளம்பரக் கட்டணமே வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் கொடுப்பார்கள். பட்டியலிலிருந்து எடுத்து அனுப்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டர்பன் துறைமுகத்தில் வேலை பார்த்துத் திரும்பிய வாசகன்,
மயிலாடுதுறை